உலக்கை தட்டிய ஐந்து இலைகள்

அத்தியாயம் பதினேழு

போன வாரம் பொன்னுதுரை ஒரு கட்டைச் செருப்பைக் கீழே போட்டார். அவர் செய்தது அவ்வளவுதான். ஆனால் அந்தச் சத்தம் மலாக்காவின் காஜா பேராங்கில் கிளம்பி, ஜாலான் பெண்டஹாரா துணிக்கடைகள் வரை போய், அங்கே இரண்டு முழம் துணிக்கு விலை பேசிவிட்டுத் திரும்பி வந்தது. காரணம், செருப்பு விழுந்தது சேதுபதியின் முதுகுக்குப் பின்னால். சேதுபதி திரும்பிப் பார்த்துவிட்டான்.

மூன்று வயதில் கண்ட காய்ச்சலில் இரண்டு காதும் போனவன் என்று ஊரே நம்பியிருந்த சேதுபதி.

"செவிடனாம் செவிடன்," என்றார் பொன்னுதுரை. "சயாம் ரயிலு வேலைக்கு ஆள் எடுக்கிறாங்கன்னு தெரிஞ்சதும் பாதி ஊருக்குக் காது போயிடுச்சு."

அவர் சொன்னால் சொன்னதுதான். ஜப்பான்காரன் வந்த பிறகு தெருத் தலைவர் அவர். தெருவுக்கு ஒரு ஆள் என்று பட்டியல் எழுதி ஆபீசுக்குக் கொடுக்க வேண்டியவர். வெள்ளிக்கிழமை லாரி வருகிறது. இந்தத் தெருவின் பட்டியலில் முதல் பெயர் சேதுபதி, வயது இருபத்து நான்கு, கட்டைச் செருப்புச் செய்கிறவன். ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு அடுத்தபடியாக வைத்தியம் பார்க்கிற டிரெசர் கைப்பட ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தால்தான் அந்தப் பெயரை அடிக்க முடியும்.

முடிச்சு அதோடு நிற்கவில்லை. இதே பொன்னுதுரையின் மகன் கருணாகரனுக்குத்தான் சேதுபதியின் தங்கை ருக்மணியைப் பேசி முடித்திருக்கிறது. ஆவணியில் கல்யாணம்.

இன்று புதன்கிழமை.

*

காலையில் ருக்மணி கண்ணாடி முன் உட்கார்ந்து மை பூசிக்கொண்டிருந்தாள். கண்ணுக்குப் பூசுகிற மை இல்லை, தலைக்கு. விளக்குக் கரியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்தது. நெற்றிக்கு நேர் மேலே, இரண்டு விரல் அகலத்தில், அவளுக்கு ஒரு கற்றை முடி பிறந்த நாளிலிருந்தே பால் வெள்ளை. பன்னிரண்டு வயதிலிருந்து அவள் பூசிய கரியைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு கப்பலைச் சிங்கப்பூர் வரை ஓட்டியிருக்கலாம்.

"இன்னும் கொஞ்சம் பூசு," என்றாள் பின்னால் நின்ற சாரதாம்பாள்.

"வழியுதும்மா."

"வழியட்டும். உன் மாமனார் மூக்கு அவருக்கு முன்னாடியே வீட்டுக்குள்ள வந்துடும். எதையாவது மோந்து பிடிச்சா முடிஞ்சது."

"இடது பக்கம் நின்னு பேசாதேம்மா. எனக்குப் பாதிதான் விழுது."

"அதைச் சத்தமா சொல்லு. தெரு முழுக்கக் கேக்கட்டும்."

ருக்மணியின் இடது காது பிறந்ததிலிருந்து ஒரு சொல் கேட்டதில்லை. அது அந்த வீட்டில் மூன்று பேருக்கு மட்டுமே தெரிந்த விஷயம். அல்லது மூன்று பேருக்கு மட்டுமே தெரியும் என்று அந்த மூன்று பேரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

சாரதாம்பாள் காஜா பேராங் செட்டி கிராமத்துப் பெண். அந்தக் குடும்பங்களில் வீட்டுப் பேச்சு மலாய்தான். செங் தோட்டத்துத் தமிழர் ஒருவரைக் கட்டிக்கொண்ட பிறகுதான் அவள் தமிழ் பழகினாள். அவர் போய் ஆறு வருடம் ஆகிறது. இப்போதும் உண்மை பேசும்போது அவளுக்கு மலாய் வரும், பொய் சொல்லும்போது சுத்தமான தமிழ் வரும். 'மூன்று வயதில் காய்ச்சல்' என்பதை அவள் ஒரு எழுத்துப் பிசகாமல் தமிழிலேயே சொல்லி வந்தாள். குடும்பத்தில் வழிவழியாக வருகிற செவிடு என்று தெரிந்தால் எவன் பெண் எடுப்பான்?

"இன்னைக்கு டிரெசர் வர்றப்போவும் அதையேதான் சொல்லப் போறியா?" என்று ருக்மணி கேட்டாள்.

"வேற என்னத்தைச் சொல்ல? காய்ச்சல்ல போனாலும் செவிடு செவிடுதானே. சீட்டு எழுதட்டும். உன் கல்யாணமும் நிக்கக் கூடாது, இவனும் லாரி ஏறக் கூடாது."

கூடத்தில் சேதுபதி வாழை இலைகளை வெட்டி அடுக்கிக்கொண்டிருந்தான். மொட்டைத் தலை. பிள்ளையாருக்கு வேண்டுதல் என்று சொல்லிப் பத்து நாளுக்கு ஒருமுறை சாரதாம்பாளே சிரைத்துவிடுவாள். வலது கண் கறுப்பு, இடது கண் மழை நாள் கடல் மாதிரி நீலம். அந்த நீலத்துக்கும் பாவம் அந்தக் காய்ச்சல்தான் பழி சுமந்தது. அப்படி ஒரு உழைப்பாளிக் காய்ச்சலை மலாக்கா அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

அன்றைக்குப் பார்ச்சு. பழக் காலத்தில், செத்துப்போன பெரியவர்களுக்கு இலை போட்டுப் படைக்கிற நாள். அரிசி கண்ணில் படாத 1943-ஆம் வருடத்திலும் மரங்கள் ஜப்பான்காரனைக் கேட்டுக் காய்ப்பதில்லை. டுரியான், ரம்புத்தான், மங்குஸ்தீன், மாம்பழம் எல்லாம் கூடையில் வந்து இறங்கியிருந்தன. மொத்தம் ஒன்பது இலை.

"பொன்னுதுரை அண்ணன் ரெண்டு மணிக்குத்தானே வர்றேன்னார்? பன்னெண்டுக்குப் படைச்சு எடுத்து வச்சிடலாம்," என்றாள் சாரதாம்பாள்.

இங்கேதான் அவள் சறுக்கினாள். ஜப்பான்காரன் ஊரில் உள்ள கடிகாரங்களையெல்லாம் டோக்கியோ நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னே தள்ளி வைத்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. சாரதாம்பாள் வீட்டுக் கடிகாரத்தில் கை வைக்க விடவில்லை. "எங்க பெரியவங்க எல்லாம் பழைய நேரத்துல செத்தவங்க. டோக்கியோ மணி அவங்களுக்குத் தெரியாது" என்பது அவள் வாதம். பொன்னுதுரையின் இரண்டு மணி அவள் வீட்டில் பன்னிரண்டரை.

ஒன்பதாவது இலையில் மங்குஸ்தீன் வைத்துச் சாம்பிராணி போட்டு நிமிர்ந்தபோது வாசற்படியில் மூக்கு தெரிந்தது. பின்னாலேயே பொன்னுதுரை. அவருக்குப் பின்னால் மருந்துப் பெட்டியோடு டிரெசர் அப்பாசாமி.

*

"படையலா? நடத்துங்க சம்பந்தியம்மா, நடத்துங்க," என்று பொன்னுதுரை ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். கண் ஒன்பது இலையையும், பரணையும், மூலையில் சாத்தியிருந்த உலக்கையையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

"முதல்ல ஆளைப் பார்த்துடலாம்," என்றார் அப்பாசாமி. பேச்சு குறைந்த மனிதர்.

பொன்னுதுரை எழுந்து சேதுபதியின் பின்னால் போய்ப் பலகைத் தரையில் காலால் ஓங்கி ஒரு மிதி மிதித்தார். ரம்புத்தான்கள் உருண்டன. சேதுபதி திரும்பிப் பார்த்தான்.

"பார்த்தீங்களா டிரெசர்?"

அப்பாசாமி பெட்டியைக் கீழே வைத்தார். சேதுபதியின் கையைப் பிடித்து வெளியே மணல் முற்றத்துக்குக் கூட்டிப் போனார். முதுகைக் காட்டி நிற்க வைத்து, ஒரு காலி மண்ணெண்ணெய் டின்னை எடுத்து அவன் தலைக்குப் பின்னால் கட்டையால் அடித்தார். நான்கு வீடு தள்ளித் தூங்கிய நாய் எழுந்து ஓடியது. தென்னையிலிருந்து ஒரு குரும்பை விழுந்ததாகக்கூடச் சொல்வார்கள். சேதுபதி கொல்லைக் கோழியை ரசித்துக்கொண்டிருந்தான்.

"பலகையில ஆடுறது காலுக்குத் தெரியுது. மணல்ல தெரியலை. காதுல ஒண்ணும் இல்லை," என்றார் அப்பாசாமி.

"பழக்கி வச்சிருக்காங்க டிரெசர். நான் இதெல்லாம் பார்க்காதவனா?"

உள்ளே வந்து உட்கார்ந்து அப்பாசாமி சேதுபதியின் காதுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு சாரதாம்பாளிடம், "எத்தனை வயசுல காய்ச்சல்?" என்றார்.

"மூன்று வயதில், ஐயா." சுத்தத் தமிழ்.

"அதுக்கு முன்னாடி பேசினானா?"

அவள் இதற்குத் தயாராக இல்லை. "ம்... கொஞ்சம்."

"மூணு வயசு வரைக்கும் கேட்டவன் ஒரு அம்மா, ஒரு சோறாவது சொல்லுவான். இவன் வாயில அந்தத் தடமே இல்லையே. ஜவ்வும் நல்லாத்தான் இருக்கு. சீழ் வடிஞ்ச அடையாளமும் இல்லை."

"ஆகக் காய்ச்சல் பொய்," என்றார் பொன்னுதுரை, நாற்காலி முனைக்கு வந்து. "காய்ச்சல் பொய்னா காதும் பொய்தானே. எழுதாதீங்க சீட்டு." உடனே குரலில் சர்க்கரை சேர்ந்தது. "பயப்படாதீங்க சம்பந்தியம்மா. ஆறே மாசம். போயிட்டு வந்துடுவான். ஆவணியில நம்ம கல்யாணம் நடக்கும். வீணா எதையும் கிளற வேணாம், பாருங்க."

போன சித்திரையில் லாரி ஏறியவர்களில் ஒருவர்கூட இன்னும் ஒரு கடிதம் போடவில்லை. அது அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

சாரதாம்பாள் மகளைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள். பிறகு, வேறு ஒன்றும் தோன்றாமல், இலைகள் பக்கம் திரும்பிக் கைகூப்பினாள். படைத்ததை ஆற விடக் கூடாது. ஒவ்வொரு இலையாக, மலாயில், மெல்லிய குரலில் பெரியவர்களைச் சாப்பிட அழைத்தாள். "மாரி மாக்கான்... மாரி மாக்கான்..." ஒன்பதாவது இலைவரை அழைத்து முடித்து நெற்றியைத் தரையில் வைத்து எழுந்தாள்.

மூலையில் இருந்த உலக்கையை அவள் தொடவே இல்லை.

சேதுபதி அம்மாவைப் பார்த்தான். உலக்கையைப் பார்த்தான். கையால் 'ஏன்?' என்று கேட்டான். அவள் கண்ணால் 'வேண்டாம்' என்றாள். அவன் முகம் சிவந்தது. விருந்துக்கு அழைத்துவிட்டுப் பாதிப் பேரை வாசலில் நிற்க வைத்த மாதிரி இருந்தது அவனுக்கு. விறுவிறுவென்று போய் உலக்கையை எடுத்தான்.

முதல் இலையை விட்டான். இரண்டாவது இலைக்கு முன்னால் நின்று தரையில் தட்டினான். டும், டும், டும். மூன்றாவதுக்குத் தட்டினான். நான்காவதுக்கும். ஐந்தாவதை விட்டான். ஆறாவதுக்கும் எட்டாவதுக்கும் தட்டினான். உலக்கையை மரியாதையாகச் சாத்திவிட்டுக் கைகூப்பி நின்றான்.

பொன்னுதுரை நாற்காலியோடு எழுந்துவிட்டார். நாற்காலி அவரோடு கொஞ்ச தூரம் வந்தது.

"யாருக்குச் சிக்னல் அது?"

அவர் பரணை அண்ணாந்து பார்த்தார்.

"மூணு மூணா, விட்டு விட்டு, கணக்கா அடிக்கிறான். பரண் மேல யாரு? ரேடியோவா? செவிட்டு வேஷம் போட்டுக்கிட்டு வெள்ளைக்காரன் நியூஸ் கேக்குறீங்களா? இதை நான் ஆபீசுல சொன்னா என்ன நடக்கும்னு தெரியுமா?"

தெரியும். ரேடியோ வைத்திருந்தவர்களின் தலையை எங்கே வைத்தார்கள் என்பது மலாக்காவில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும்.

*

ருக்மணி இதுவரை கதவோரம் நின்றிருந்தாள். கையில் ஈரத் துண்டு. பழம் துடைக்கக் கொண்டுவந்தது. ஆனால் அவள் மனம் ரேடியோவில் இல்லை. இந்த மனிதருக்கு ஏன் இவ்வளவு அவசரம்? அண்ணனுக்குக் காது கேட்டே ஆக வேண்டும் என்று ஏன் ஒற்றைக் காலில் நிற்கிறார்?

"டிரெசர் ஐயா, நீங்க அந்தப் பட்டியலைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"அண்ணன் பேரை அடிச்சா அடுத்தது யாரு?"

"அது பொம்பளைங்களுக்கு எதுக்கு?" என்றார் பொன்னுதுரை.

அப்பாசாமி அவரை ஒருமுறை பார்த்தார். "கருணாகரன். இருபத்தாறு வயசு. தெருவுல வேற வயசு ஆள் இல்லை. ஆள் குறைஞ்சா பட்டியல் எழுதினவரே ஏறணும்னு உத்தரவு."

பொன்னுதுரையின் மூக்கு முதன்முறையாகத் தரையைப் பார்த்தது.

"ஒரே பையன்ம்மா," என்றார் கடைசியில். "நீயே சொல்லு. உனக்குத் தாலி கட்டப் போறவன். அவன் போகட்டுமா?"

ருக்மணி துண்டைக் கையில் முறுக்கினாள். கருணாகரனின் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கும். அவன் கோவிலில் அவளுக்கு எப்போதும் வலது பக்கமாக வந்து நிற்பது பிடிக்கும். ஆவணிக்கு எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தவள் அவள்.

"மாமா," என்றாள். "என் அண்ணன் தண்டவாளத்துல குனிஞ்சு வேலை செய்யறப்போ யாராவது 'தள்ளு'ன்னு கத்தினா அவனுக்குக் கேக்காது. மரம் விழுந்தாக் கேக்காது. ஜப்பான்காரன் 'நில்லு'ன்னாலும் கேக்காது, சுட்டுடுவான். கேக்கறவன் ஓடிக்கலாம். இவன் எதைக் கேட்டு ஓடுவான்?"

சொல்லிக்கொண்டே ஈரத் துண்டால் நெற்றிக்கு மேல் அழுத்தித் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். கரி வழிந்து மூக்கில் இறங்கியது. கறுப்புக்கு நடுவே வெள்ளைக் கற்றை வெளியே வந்தது.

"ருக்மணி," என்றாள் சாரதாம்பாள்.

"காய்ச்சலும் இல்லை, ரேடியோவும் இல்லை, மாமா. உலக்கை தட்டினது எங்க பெரியவங்கள்ல காது கேக்காதவங்களுக்கு. வாயால கூப்பிட்டா அவங்க வர மாட்டாங்கன்னு எங்க வீட்டுல அப்படி ஒரு வழக்கம். எனக்கும் இடது காது கிடையாது."

அப்பாசாமி எழுந்துவிட்டார். முப்பது வருட ஆஸ்பத்திரி உத்தியோகத்தில் அவர் இப்படி வேகமாக எழுந்ததே இல்லை. சேதுபதியின் தலையைக் குனிய வைத்து வெளிச்சத்தில் பார்த்தார். எட்டு நாள் முளைத்த கறுப்பு மயிருக்கு நடுவில், நெற்றிக்கு நேர் மேலே, அதே அகலத்தில் வெள்ளை முள்.

"அம்மா, ஒவ்வொரு இலையும் யாருன்னு சொல்லுங்க. இந்தத் தடவை மறைக்காம."

சாரதாம்பாள் சொன்னாள். மலாயில் சொன்னாள். முதல் வரிசை இரண்டு இலை: அவள் அப்பாவைப் பெற்றவர்கள், அதில் கிழவிக்குக் காது கேட்காது. இரண்டாம் வரிசை மூன்று: அப்பாவும் அத்தையும் செவிடு, அம்மாவுக்குக் கேட்கும். மூன்றாம் வரிசை நான்கு: மூத்த அண்ணன் செவிடு, புருஷனுக்குக் கேட்கும், அக்கா செவிடு, சின்ன அண்ணனுக்குக் கேட்கும்.

"தட்டின எல்லாருக்கும் நெத்தியில இந்த வெள்ளை உண்டா?"

"உண்டு. எனக்கும் இருந்தது. காது நல்லாக் கேக்கும். இப்போ தலையே வெளுத்துப் போச்சு, யாருக்குத் தெரியும்?"

அப்பாசாமி சீட்டின் பின்பக்கத்தில் ஒன்பது வட்டம் போட்டு, ஐந்தைக் கறுப்பாக்கி, கோடு இழுத்தார். அவர் முகத்தில் லாட்டரி விழுந்த களை.

"ஒரு வரிசைகூடத் தாண்டலை. காய்ச்சல் இப்படி வரிசையா வராது. இது விதையிலேயே வர்றது. பெத்தவங்கள்ல ஒருத்தர்கிட்ட இருந்தாப் போதும், பிள்ளைங்கள்ல பாதிக்குப் பாதி இறங்கும்."

"முடிக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார் பொன்னுதுரை எரிச்சலாக.

"எங்க ஆஸ்பத்திரி அடுப்படியில ஒரு வெள்ளைப் பூனை இருக்கு. ரெண்டு கண்ணும் நீலம். பக்கத்துல அண்டா விழுந்தாலும் தூங்கும். உள்காதுல நத்தை ஓடு மாதிரி சுருண்ட ஒண்ணு இருக்கு, சத்தத்தை வாங்கறது அதுதான். முடிக்குக் கறுப்புக் கொடுக்கிறது எதுவோ, அது அதுக்கும் வேணும் போல. வயித்துல இருக்கிறப்பவே அது போய்ச் சேரலைன்னா முடி வெளுக்கும், கண்ணு வெளுக்கும், காது அடைக்கும். ஒருத்தருக்கு மூணும், ஒருத்தருக்கு ஒண்ணு. ஏன்னு எனக்குத் தெரியலை. பெரிய டாக்டரைக் கேக்கலாம், அவரைச் சிங்கப்பூர் சாங்கி ஜெயில்ல அடைச்சுட்டாங்க."

சீட்டைத் திருப்பி எழுதினார்: பிறவிச் செவிடு, பரம்பரை, வேலைக்கு உதவாது. கையெழுத்துப் போட்டார்.

பொன்னுதுரை வாசலில் நின்று செருப்பை மாட்டினார். இரண்டு காலும் மாறிப் போயின, அவருக்குத் தெரியவில்லை.

"இந்தாம்மா," என்றார். 'சம்பந்தியம்மா' என்ற அழைப்பு அந்த வினாடியோடு போய்விட்டது. "இந்த வீட்டுல நான் பொண்ணு எடுக்கலை."

*

மாலையில் கருணாகரன் வந்தான். கட்டைச் செருப்பு தெருமுனையிலிருந்தே அறிவித்துக்கொண்டு வந்தது. சாரதாம்பாள் உள்ளே போய்விட்டாள். சேதுபதி எதிர்ப்பக்கம் தன் உளியோடு உட்கார்ந்திருந்தான். ருக்மணி படிக்கட்டில், வெள்ளைக் கற்றையை மறைக்காமல்.

"அப்பா வீட்டுல உன்னைத் திட்டிக்கிட்டே இருக்கார்," என்றான், வழக்கம்போல் அவளுக்கு வலது பக்கமாக உட்கார்ந்து. "கேக்கறவன் ஓடிக்கலாம்னு சொன்னியாமே. திட்டுறப்போ அதையே பத்துத் தடவை சொல்லிட்டார். கேக்கக் கேக்க நல்ல யோசனையாப் பட்டுது."

"என் மேல கோவமா?"

"எதுக்கு?"

"காதை மறைச்சதுக்கு."

"ரெண்டு வருஷமா உனக்கு வலது பக்கமா வந்து நிக்கிறேன். சும்மாவா நிக்கிறேன்னு நினைச்சே?"

ருக்மணியின் கை இடது காதுக்குப் போனது. "எங்க போகப் போறீங்க?" என்றாள்.

அவன் எழுந்தான். அவளைச் சுற்றிக்கொண்டு போனான். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவளுக்கு இடது பக்கம் வந்து உட்கார்ந்தான். காதோரம் குனிந்து பேசினான். நிறையப் பேசினான். மூச்சு மட்டும் வெதுவெதுப்பாகக் கழுத்தில் பட்டது. ஒரு சொல்கூட உள்ளே போகவில்லை.

"எனக்குக் கேக்கலையே," என்றாள், கண் நிறைந்து.

"அதான் வேணும். வெள்ளிக்கிழமைக்கு மேல வந்து கேப்பாங்க. எப்படிக் கேட்டாலும் நீ உண்மையைத்தான் சொல்லுவே. எனக்குத் தெரியாதுன்னு."

அவன் போய்விட்டான். செருப்புச் சத்தம் தெருமுனைவரை கேட்டது. அவளுக்கு ஒரு காதில்.

விளக்கு வைக்க வந்த சாரதாம்பாள் மகன் முன்னால் நின்றாள். சேதுபதி ஒரு பழைய சைக்கிள் டயரை அறுத்து, புதுக் கட்டைச் செருப்பு ஒன்றின் அடியில் வைத்து, ஆணி அடித்துக்கொண்டிருந்தான். தரையில் ஒருமுறை தட்டிப் பார்த்தான். உள்ளங்கையைப் பலகையில் வைத்து அதிர்வு வருகிறதா என்று சோதித்தான். திருப்தியாகத் தலையை ஆட்டினான்.

"யாருக்குடா சத்தம் வராத செருப்பு?" என்று கையால் கேட்டாள்.

பிறந்ததிலிருந்து எதிரே இருப்பவர்களின் உதட்டைப் பார்த்தே உலகத்தைத் தெரிந்துகொண்டவன் அவன். கருணாகரன் பேசியபோது நேர் எதிரே உட்கார்ந்திருந்தான்.

சேதுபதி அம்மாவின் கையைப் பார்க்காதவன் மாதிரி அடுத்த ஆணியை எடுத்தான்.

ருக்மணி அந்தச் செருப்பை எட்டிப் பார்த்தாள். அளவு கருணாகரனின் கால். பக்கத்தில், இன்னும் செதுக்காமல், இன்னொரு ஜோடிக் கட்டை இருந்தது. அதன் மேல் கரியால் ஒரு சின்னப் பாதத்தின் அளவுக்குக் கோடு போட்டு வைத்திருந்தான். அவள் தன் பாதத்தை மெல்ல அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

கோடு சரியாக இருந்தது.